கம்பம் பள்ளத்தாக்குல ஒரு நாள் சைக்கிள் சுத்து: மொதல் தடவ வர்றவங்களுக்கு

கம்பம் பக்கம் சைக்கிள் ஓட்டணும்னு கேக்குறவங்க முக்காவாசிப் பேரு குமுளி மலை ஏறுறதத்தான் மனசுல வச்சுக்கிட்டுக் கேக்குறாங்க. அது வேற கணக்கு. இங்க நான் சொல்றது மலை ஏறாம, முல்லைப் பெரியாத்துத் தண்ணி மலைய விட்டு எறங்குற எடம் வரைக்கும் போயிட்டு, அப்புறம் ஆறு போற போக்குலயே கிராமத்து ரோடு வழியா திரும்பி வர்ற ஒரு சுத்து. மொத்தம் 70 கிலோமீட்டர் போல வரும், ஊருக்குள்ள எவ்வளவு நொழஞ்சு பாக்குறீங்கங்கறதப் பொறுத்து ரெண்டு மூணு கூடும் கொறையும். தெனமும் ஓட்டாதவங்க, ஆனா ஒரு 20, 25 கிலோமீட்டர் ஒரே மூச்சுல ஓட்டிப் பாத்தவங்க, நாள் பூரா நேரம் எடுத்துக்கிட்டா தாராளமா முடிச்சுரலாம்.

மொதல்ல எடத்தப் புரிஞ்சுக்கங்க, மத்ததெல்லாம் தானா வரும். மேற்கால கேரளா எல்லை மலை, கெழக்கால மேகமலை, நடுவுல அகலமா கெடக்குற பள்ளத்தாக்கு. தெற்கு மூலையில லோயர்கேம்ப். அங்க எறங்குற தண்ணி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்னு வடகிழக்கா ஓடி தேனிப் பக்கம் வைகையில சேருது. குமுளி கடல் மட்டத்துல இருந்து சுமாரா 900 மீட்டர் உசரத்துல இருக்கு, கம்பம் 400 மீட்டர் போல. அந்த எறக்கம் பூராவும் குமுளி மலை ரோட்டுலயே முடிஞ்சுரும், லோயர்கேம்புக்குக் கீழ இருக்குறது கண்ணுக்கே தெரியாத சரிவு. ஆனா கண்ணுக்குத் தெரியாதே தவிர காலுக்குத் தெரியும். தெற்க பாத்துப் போகும்போது ஏன்டா மெதுவா போகுதுன்னு இருக்கும், வடக்க திரும்புனா மிதிக்காமலே கொஞ்ச தூரம் போகும்.

எங்க ஆரம்பிக்கிறது

எல்லாரும் கம்பத்துல இருந்துதான் ஆரம்பிப்பாங்க, லாட்ஜ் அங்கதான் நெறைய. நான் உத்தமபாளையத்துல ஆரம்பிக்கச் சொல்லுவேன். காரணம் காத்து. ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசமும் குமுளிக் கணவாய் வழியா வர்ற காத்து பள்ளத்தாக்குக்குள்ள எறங்கி வடகிழக்கா தள்ளிக்கிட்டே போகும். தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடி இம்புட்டு நிக்குறதுக்கும் இந்த மாதிரி மலை எடைவெளியில புகுந்து வர்ற காத்துதான் காரணம். ஆடிக் காத்துல அம்மி பறக்குமோ பறக்காதோ, எதுத்தாப்ல போற சைக்கிள் நின்னுரும். காத்து காலையில அடங்கி இருக்கும், பத்து மணிக்கு மேல ஏறும். அதனால தெற்க போற வேலைய காலையிலயே முடிச்சுட்டா மத்தியானத்துக்கு மேல காத்தும் சரிவும் சேந்து உங்களத் தள்ளிக்கிட்டு வந்து உத்தமபாளையத்துல விட்டுரும். கம்பத்துல ஆரம்பிச்சா கடைசிப் பத்து கிலோமீட்டர் அலுத்த காலோட எதிர்காத்துல போகணும். புதுசா ஓட்டுறவங்களுக்கு சைக்கிள் மேல வெறுப்பு வர்றதே அந்த மாதிரி கடைசிப் பத்து கிலோமீட்டர்லதான்.

தை, மாசியில காத்துத் தொந்தரவு அவ்வளவா கெடையாது, அப்ப எங்க ஆரம்பிச்சாலும் ஒண்ணுதான்.

வந்து சேர்றது சுலபம். மதுரையில இருந்தும் திண்டுக்கல்ல இருந்தும் தேனி, கம்பம், குமுளி பஸ் நாள் பூரா இருக்கு. 2022ல மதுரை–தேனி ரயில் மறுபடி ஓட ஆரம்பிச்சு, அடுத்த வருசம் போடி வரைக்கும் நீட்டிட்டாங்க, அதனால தேனி வரைக்கும் ரயில்ல வந்துட்டு அங்க இருந்து பஸ்ஸுலயும் வரலாம். சைக்கிளோட பஸ்ஸுல ஏறணும்னா கண்டக்டர் மனசு வைக்கணும், அத நம்பிப் பிளான் போடாதீங்க. கார் வச்சிருக்க ஃப்ரெண்டு யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, இல்லைன்னா முன்னாடி நாளே தேனியில ஒரு டாடா ஏஸ் பேசி சைக்கிளையும் உங்களையும் உத்தமபாளையத்துல எறக்கி விடச் சொல்லுங்க, நாலு பேரா வந்தா செலவு பெருசாத் தெரியாது.

எப்ப வர்றது

என் கணக்குல தை பாதியில இருந்து மாசி முடியிற வரைக்கும்தான் நல்ல நேரம். கார்த்திகை ஆரம்பிச்சு தை பொறக்குற வரைக்கும் சபரிமலை சீசன், குமுளி ரோடு பூரா ஐயப்ப பக்தர்கள் வண்டி, ராத்திரி தூங்காம ஓட்டிக்கிட்டு வர்ற டிரைவர்கள், அந்த நேரத்துல புதுசா ஓட்டுறவங்க இந்த ரோட்டுப் பக்கம் வரவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில சாயங்கால மழையும் உண்டு. சித்திரா பௌர்ணமி அன்னைக்கும் வேண்டாம். கூடலூர் மலை மேல இருக்க மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருசத்துல அந்த ஒரு நாள்தான் அனுமதி, லோயர்கேம்ப் பக்கத்துல பளியன்குடி வழியா ஆயிரக்கணக்குல ஜனம் ஏறும், ரோட்டுல சைக்கிள உருட்டக்கூட எடம் இருக்காது.

பச்சையும் தண்ணியும் பாக்கணும்னு ஆசைப்பட்டா ஆடி, ஆவணியில வாங்க, காத்த ஒத்துக்கிட்டு வரணும். லோயர்கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் முல்லைப் பெரியாத்துப் பாசனம் 14,707 ஏக்கர், ரெண்டு போகம் நெல்லு. அணையில தண்ணி இருந்தா மொதப் போகத்துக்கு ஜூன் மாசம் தொறந்து விடுவாங்க. ஆடியில நடவு, தையில ரெண்டாம் போகம் பச்சையா நிக்கும், மாசி பங்குனியில அறுப்பு. அறுப்பு நேரத்துல கிராமத்து ரோட்டுல பாதி அகலத்துக்கு நெல்லு காயப்போட்டிருப்பாங்க. அது மேல ஏத்திராதீங்க, எறங்கி ஓரமா உருட்டிட்டுப் போங்க. வைக்கோல் கெடக்குற எடத்துல டயரும் வழுக்கும், அது தனி.

சைக்கிளும் சாமானும்

கியர் சைக்கிள் கட்டாயம் இல்ல. வீட்டுல இருக்க சாதா சைக்கிளே போதும், ரெண்டு பிரேக்கும் நல்லா பிடிக்கணும், செயினுக்கு எண்ணெய் போட்டிருக்கணும், சீட்டு உசரம் சரியா இருக்கணும். சீட்டுல உக்காந்து குதிகால பெடல் மேல வச்சு அத அடியில கொண்டு வந்தா கால் நேரா நீளணும், அதுதான் சரியான உசரம். நம்ம ஊர்ல பாதிப் பேரு கால் தரையில ஊணணும்னு சீட்ட தாழ்த்தி வச்சு ஓட்டுறாங்க, 70 கிலோமீட்டர் அப்படி ஓட்டுனா முட்டி மறுநாள் பேசும்.

பஞ்சர் விசயத்துல ஒண்ணு சொல்லணும். கம்பம், உத்தமபாளையம், கூடலூர் மூணு ஊர்லயும் சைக்கிள் கடை இருக்கு, சாதா ட்யூப் கெடைக்கும், பஞ்சர் ஒட்டுவாங்க. ஆனா நீங்க மெல்லிசு டயர் போட்ட ரோடு பைக்குல வந்தா அந்த சைஸ் ட்யூப் கெடைக்கிறது கஷ்டம், அதுல இருக்க பிரெஸ்டா வால்வுக்கு கடைப் பம்பும் பொருந்தாது. ரெண்டு ட்யூப், ஒரு அடாப்டர், ஒரு கைப்பம்பு கையிலயே வச்சுக்கங்க. ஆத்துக்குக் கெழக்குக் கரையில போற ரோட்டுல கருவேலம் முள்ளு கெடக்கும், ஓரத்துல மண்ணுல எறங்கி ஏறும்போது டயர ஒரு தடவ பாத்துட்டு ஏறுங்க.

தண்ணி ரெண்டு பாட்டில், ஒண்ணுல கொஞ்சம் உப்பு சர்க்கரை கலந்தது. தொப்பி இல்ல, ஹெல்மெட். காலையில இருட்டுலயே கிளம்புறதால முன்னாடி லைட்டும் பின்னாடி செவப்பு லைட்டும் வேணும். சில்லறையா 500 ரூபா, ஏன்னா தோட்டத்துல பழம் வாங்குற எடத்துல எல்லாரும் ஃபோன்ல பணம் வாங்குவாங்கன்னு சொல்ல முடியாது. மலை ஓரத்துல டவர் விட்டு விட்டுத்தான் எடுக்கும், மேப்ப முன்னாடியே எறக்கி வச்சுக்கங்க.

காலை: உத்தமபாளையம் – கம்பம் – கூடலூர் – லோயர்கேம்ப்

அஞ்சே முக்காலுக்கு ஏறி உக்காருங்க. இப்ப இந்தப் பக்கம் ஊருக்கு ஊரு பைபாஸ் போட்டுட்டாங்க, நீங்க பைபாஸ்ல ஏறாம அனுமந்தன்பட்டி, க.புதுப்பட்டி வழியா போற பழைய ரோட்டப் பிடிங்க. பைபாஸ் பள்ளத்தாக்கப் பாக்குற ரோடு இல்ல, மெதுவா போற வண்டிக்கு ஆன ரோடும் இல்ல. பத்து கிலோமீட்டர் போல வரும் கம்பம், ஆறரை மணி வாக்குல போயிரலாம்.

கம்பத்துல எறங்கி நிதானமா சாப்பிடுங்க. இத பசிக்காக மட்டும் சொல்லல. இந்தப் பள்ளத்தாக்குல காலையில ஒரு ஜீப் படை கிளம்பும். கம்பம், கூடலூர், சுத்துப்பட்டு கிராமத்துல இருந்தெல்லாம் இடுக்கி ஏலத் தோட்டத்துக்கு கூலி வேலைக்குப் போற ஜனங்கள ஏத்திக்கிட்டுப் போற ஜீப்புங்க. ஒரு ஜீப்புல எத்தன பேர் உக்காந்திருக்காங்கன்னு எண்ணவே முடியாது, வேலைக்கு நேரத்துல கொண்டு போய் சேக்கணும்னு டிரைவர்ங்க பறப்பாய்ங்க. சைக்கிளெல்லாம் அவங்க கண்ணுல படாது. ஆறு மணியில இருந்து எட்டு மணிக்குள்ள இந்தக் கூட்டம் போயிரும். சாயங்காலம் அதே ஜீப்புங்க திரும்பும், ஆனா அப்ப நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் இருப்பீங்க. அதனால கம்பத்துல இட்லியோ பூரியோ நல்லா சாப்பிட்டு, காபி குடிச்சு, மத்தியானத்துக்கு ஒரு லெமன் சாதமோ தக்காளி சாதமோ பார்சல் கட்டி, ஏழரை வாக்குல கிளம்புனா பாதி ஜீப்பு போயிருக்கும்.

கம்பத்துல இருந்து கூடலூர் இன்னொரு பத்து கிலோமீட்டர். இந்தத் தூரம்தான் நாள்லயே அலுப்பான பகுதி, ரோட்டு ஓரத்துலயே ஒழுங்கா போங்க, ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்துல பேசிக்கிட்டு ஓட்டாதீங்க. முன்னாடி நிக்குற மலைய மட்டும் பாத்துக்கிட்டே போங்க, கிட்ட வர வர எப்படிடா இதத் தாண்டித் தண்ணி வருதுன்னு தோணும்.

கூடலூர் தாண்டி ஏழு கிலோமீட்டர்ல லோயர்கேம்ப். மலை அடிவாரம், நெழலு, காலையில குளுகுளுன்னு இருக்கும். இங்கதான் முல்லைப் பெரியாறு அணையக் கட்டுன இங்கிலீஷ்கார இன்ஜினியர் பென்னிகுயிக்குக்கு 2013 ஜனவரி 15ல தொறந்த மணிமண்டபம் இருக்கு, அது அவர் பொறந்த நாளு, பொங்கலோட சேந்து வர்றதால இந்தப் பக்கத்து விவசாயிங்க அன்னைக்கு அவருக்கும் பொங்கல் வப்பாங்க. அவர் படம் மாட்டாத டீக்கடைய இந்தப் பள்ளத்தாக்குல தேடித்தான் பாக்கணும், கொழந்தைக்கு பென்னிகுயிக்னு பேர் வச்சவங்களும் உண்டு. வெளியூர்க்காரங்களுக்கு இது கொஞ்சம் அதிகப்படியாத் தெரியலாம். ஆனா விசயத்த யோசிச்சுப் பாருங்க. பெரியாறு மேற்கால ஓடி அரபிக் கடல்ல கலக்குற ஆறு. அதுக்குக் குறுக்க 1895ல அணைய முடிச்சு, தேக்குன தண்ணிய மலைக்குள்ள ஒண்ணே முக்கா கிலோமீட்டர் போல சொரங்கம் குடைஞ்சு கெழக்குப் பக்கம் திருப்பி விட்டாங்க. இன்னைக்கு நீங்க பாக்குற வயலு, வாழை, திராட்சை எல்லாத்துக்கும் மூல காரணம் அந்தச் சொரங்கம். ஆறு தானா வந்த ஊரு வேற, ஆற கொண்டு வந்த ஊரு வேற.

மண்டபத்துல இருந்து அண்ணாந்து பாத்தா மலையில இருந்து பெரிய பெரிய குழாய் எறங்குறது தெரியும். அந்தத் தண்ணியிலதான் லோயர்கேம்ப் மின் நிலையம் ஓடுது, ஓட்டி முடிச்சு வெளிய வர்ற தண்ணிதான் கீழ ஆறா போகுது. இத மனசுல வச்சுக்கங்க, ஏன்னா இதுல ஒரு ஆபத்து இருக்கு. கரண்டு எடுக்கறதுக்காக தண்ணி கூடக் கொறைய விடுவாங்க, மேல மழை பெஞ்சாலும் கூடும். கரையில நின்னு பாக்கும்போது முழங்கால் அளவு மாதிரி இருக்கும், எறங்குனா இழுப்பு வேற மாதிரி இருக்கும், பாறைக்கு எடையில சுழலும் உண்டு. ஒவ்வொரு வருசமும் வெளியூர்ல இருந்து வந்து குளிக்க எறங்குனவங்கள இந்த ஆறு எடுத்துட்டுப் போகுது. பாலத்துல நின்னு பாருங்க, படித்துறையில ஊர்க்காரங்க குளிக்கிற எடத்துல முகம் கழுவிக்கங்க, அதோட நிறுத்திக்கங்க.

இங்க இருந்து குமுளி ஆறேழு கிலோமீட்டர்தான், ஏறிட்டு வந்துரலாமான்னு கூட வந்தவங்கள்ல ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு. ஏற முடியாதுன்னு நான் சொல்லல. எறங்குறதுதான் பிரச்சன, கொண்டை ஊசி வளைவுல கேரளா பஸ்ஸும் சரக்கு லாரியும் முழு ரோட்டையும் எடுத்துக்கிட்டுத் திரும்பும், சாதா சைக்கிள் பிரேக்கு ரெண்டாவது வளைவுலயே சூடேறிரும். அத இன்னொரு நாளைக்கு தனியா வச்சுக்கங்க.

மத்தியானம்: கெழக்குக் கரை

ஒன்பதரை வாக்குல லோயர்கேம்ப விட்டுக் கிளம்புங்க. கூடலூர் வரைக்கும் வந்த வழியே திரும்பி, அங்க மெயின் ரோட்ட விட்டுட்டு கருநாக்கமுத்தன்பட்டி ரோட்டக் கேளுங்க. முழுப் பேரு சொல்லிக் கேட்டா யோசிப்பாங்க, கே.எம்.பட்டின்னு கேட்டா பட்டுனு கை காட்டுவாங்க. இதே மாதிரி காமயகவுண்டன்பட்டி இங்க கே.கே.பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்.டி.பட்டி. இந்தச் சுருக்கம் தெரியாம மேப்ப வச்சுக்கிட்டு முழுப் பேரு படிச்சா எதிர்ல நிக்குற பெரியவர் சிரிப்பாரு. அக்கா, அண்ணே, ஐயானு கூப்பிட்டு வழி கேளுங்க, பாதிப் பேரு வழி சொல்றதோட நிறுத்தாம எங்கருந்து வர்றீங்க, சாப்பிட்டீங்களானும் கேப்பாங்க. அதுக்குப் பதில் சொல்ல நேரம் வச்சுக்கங்க.

இந்த ரோட்டுல இருந்துதான் நெசமான சுத்து ஆரம்பிக்குது. லாரி கெடையாது, சத்தம் கெடையாது. ஒரு பக்கம் நெல்லு, இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு, நடுநடுவுல செவ்வாழை, நாழிப்பூவன், பச்சை வாழைனு தோட்டம், வாய்க்கால்ல தண்ணி உங்க கூடவே வரும். ஆத்தைத் தாண்டி கெழக்குப் பக்கம் வந்து சுருளிப்பட்டி சேர்றதுக்கு கூடலூர்ல இருந்து பத்து கிலோமீட்டர் போல. வேகமா போகணும்னு நெனைக்காதீங்க.

சுருளிப்பட்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் திராட்சைப் பந்தல். கல்லுத்தூணு நட்டு, கம்பி இழுத்து, அது மேல கொடி படர விட்டு, ஆள் உசரத்துல கொத்துக் கொத்தா கருப்பா தொங்கும். இதுதான் பன்னீர் திராட்சை, 2023ல புவிசார் குறியீடு கெடைச்சது. மத்த ஊர்ல திராட்சைன்னா வருசத்துக்கு ஒரு தடவ அறுப்பு, இங்க மண்ணும் காத்தும் வாகா இருக்கறதால ஒரு தோட்டம் இல்லன்னா இன்னொரு தோட்டத்துல வருசம் பூரா அறுப்பு நடக்கும். அதனால எந்த மாசம் வந்தாலும் எங்கயாவது பழத்தப் பாக்கலாம்.

பந்தலுக்குள்ள போறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போங்க, வேண்டாம்னு சொல்றவங்க ரொம்பக் கம்மி, கேக்காம நொழஞ்சா மட்டும் கோவம் வரும். ஒரு கொத்து விழுந்தா அது அவங்க காசு. மருந்து அடிக்கிற மெஷின் சத்தம் கேட்டா அந்தத் தோட்டத்துக்குள்ள போகாதீங்க, ரோட்டுலயே காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு சட்டுனு தாண்டிருங்க. திராட்சைக்கு மருந்து அடிக்காம விவசாயம் நடக்கறது இல்ல, அதனால வாங்குன பழத்த உடனே வாயில போடாம ரெண்டு தடவ தண்ணியில அலசிட்டு சாப்பிடுங்க. தோட்டத்து வாசல்லயே வாங்குனா கடைய விட மலிவாவும் இருக்கும், பறிச்ச அன்னைக்கே சாப்பிடுற ருசியும் தெரியும். வெதை இருக்குன்னு முகம் சுளிக்காதீங்க, வெதையில்லாத பச்சைத் திராட்சைக்கு இந்த வாசன வராது. ஆனா அஞ்சு கிலோ வாங்கி ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு சுருளி ஏறாதீங்க, திரும்பி வரும்போது வாங்கிக்கங்க.

சுருளி அருவி

சுருளிப்பட்டியில இருந்து அருவி நாலு கிலோமீட்டருக்குள்ளதான், கடைசியில லேசா ஏத்தம். மேகமலை மேல தூவானம் பக்கம் பெய்யிற மழைதான் இங்க விழுது. இது 2021ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோட எல்லைக்குள்ள வருது, வனத்துறைதான் டிக்கெட் போட்டு உள்ள விடும். யானை எறங்கியிருந்தா, இல்ல வெள்ளம் வந்தா, அன்னைக்கு சாத்திருவாங்க. இது அடிக்கடி நடக்கும், அதனால கம்பத்துல சாப்பிடும்போதே கடைக்காரர்ட்ட இன்னைக்கு சுருளி விடுறாங்களான்னு ஒரு வார்த்த கேட்டுக்கங்க. விடலைன்னா மலையப் பாத்து மொறைச்சுக்கிட்டு நிக்காம சுருளிப்பட்டியில இருந்தே நேரா என்.டி.பட்டி போயிரலாம், ஏழெட்டு கிலோமீட்டர் மிச்சமாகும்.

வண்டி நிறுத்துற எடத்துல சைக்கிளப் பூட்டிட்டு நடந்து போகணும். பூட்டு எடுத்துட்டு வாங்கன்னு தனியா சொல்லணுமா தெரியல. தின்பண்டம் எதுவும் ஹேண்டில்லயோ கேரியர்லயோ தொங்க விட்டுட்டுப் போகாதீங்க, கொரங்கு பையோட எடுத்துட்டுப் போயிரும், உங்க பார்சல் சாப்பாடும் அதுலதான் இருக்கும். பதினோரு மணிக்குப் போனா குளிச்சு, ஈரத் துணிய காய வச்சு, சாப்பிட்டுட்டு ஒரு மணிக்குக் கிளம்பச் சரியா இருக்கும். குளிச்ச ஒடனே வயிறு முட்ட சாப்பிட்டா அப்புறம் சைக்கிள் ஓட்டத் தோணாது, தூங்கத்தான் தோணும். ஆடி, புரட்டாசி, தை அமாவாசையில இங்க முன்னோருக்குத் திதி கொடுக்க பெருங்கூட்டம் வரும், அன்னைக்கு அருவிய விட்டுருங்க.

கால் வலி எடுக்குது, இதுக்கு மேல முடியாதுன்னு தோணுச்சுன்னா முடிவு எடுக்க வேண்டிய எடம் இதுதான். சுருளியில இருந்து கம்பம் பத்து கிலோமீட்டர், பஸ்ஸும் ஆட்டோவும் ஓடுற ரோடு. அதுக்கு அப்புறம் கெழக்குக் கரையில வண்டி கெடைக்கிறது கொறஞ்சுரும்.

சாயங்காலம்: கே.கே.பட்டி – ராயப்பன்பட்டி – உத்தமபாளையம்

அருவியில இருந்து எறங்கி சுருளிப்பட்டி, என்.டி.பட்டி, கே.கே.பட்டி. மூணுமே பெரிய ஊரு, டீக்கடை, வடை, எளநீ எல்லாம் கெடைக்கும், கே.கே.பட்டியில பாட்டில்ல தண்ணி நெப்பிக்கங்க. அங்க இருந்து ராயப்பன்பட்டி ரோடு ஆறேழு கிலோமீட்டர், எனக்கு இந்தப் பள்ளத்தாக்குலயே ரொம்பப் பிடிச்ச தூரம் இதுதான். வலது கைப் பக்கம் மேகமலை சொவரு மாதிரி எந்திரிச்சு நிக்கும், மத்தியானத்துக்கு மேல மேகம் எறங்கி மலை உச்சிய மறைக்கும், கீழ வெயிலு அடிச்சுக்கிட்டே இருக்கும். காத்து முதுகுல. சும்மா உக்காந்திருந்தாலே சைக்கிள் போகும்.

நாயி இருக்கும். தோட்டத்து நாயி வெரட்டுச்சுன்னா வேகமா மிதிச்சு ஓடாதீங்க, எறங்கி சைக்கிள குறுக்க வச்சுக்கிட்டு மெதுவா நடங்க, கொஞ்ச தூரத்துல அதுவே நின்னுரும். உத்தமபாளையத்துக்கு மேற்கால இருக்க கோம்பைங்கற ஊரு ஒரு நாட்டு நாய் இனத்துக்கே பேர் கொடுத்த ஊரு, அதனால இந்தப் பக்கத்து நாய்ங்களுக்கு கொஞ்சம் கெத்து சாஸ்திதான்.

ராயப்பன்பட்டியில பனிமய மாதா கோயில் தூரத்துல இருந்தே தெரியும், உள்ள போய் நெழல்ல பத்து நிமிசம் உக்காரலாம். திராட்சை இந்தப் பள்ளத்தாக்குக்கு 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வழியா வந்ததுன்னு சொல்லுவாங்க, பாதிரியார் வந்த கதையையும் பந்தலையும் சேத்து யோசிக்கிறதுக்கு இதவிட நல்ல எடம் கெடையாது. ஊருக்கு மேல சண்முகா நதி அணை, 52.5 அடி உசரம், சின்ன அணைதான். தண்ணி இருக்குற மாசத்துல போனா மலையோட நெழல் உள்ள விழுந்து நல்லா இருக்கும், காஞ்ச நேரத்துல அதுக்காக தனியா போக வேண்டியது இல்ல. பக்கத்துல ஆனைமலையன்பட்டியில வேளாண் பல்கலைக்கழகத்தோட திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, வேலை நாள்ல விவசாயத்துல ஆர்வம் இருக்குறவங்க வாசல்ல கேட்டுப் பாக்கலாம்.

அங்க இருந்து உத்தமபாளையம் எட்டு கிலோமீட்டருக்குள்ள. நாலு, நாலரைக்கு ஊருக்குள்ள வந்துரலாம். தெம்பு மிச்சம் இருந்தா ரெண்டு எடம். ஒண்ணு தென் காளஹஸ்தின்னு சொல்ற திருக்காளாத்தீஸ்வரர் கோயில். இன்னொண்ணு ஊர் ஓரத்துல கருப்பணசாமி கோயில் இருக்க பாறை, அதுல வரிசையா சமணத் தீர்த்தங்கரர் சிற்பம் செதுக்கியிருக்காங்க, ஆயிரம் வருசப் பழசு. முன்னாடி நாட்டார் சாமி, பின்னாடி பாறையில தீர்த்தங்கரர், ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் எந்தத் தொந்தரவும் இல்ல. சாயங்கால வெயிலு சாஞ்சு விழும்போது சிற்பம் நல்லா எடுப்பாத் தெரியும், அதனால கோயில விட இத மொதல்ல பாருங்க, கோயில் ராத்திரி வரைக்கும் தொறந்திருக்கும்.

70 கிலோமீட்டர் அதிகம்னு நெனைக்கிறவங்களுக்கு

லோயர்கேம்ப விட மனசு இல்லாம இருந்தா, சுருளி அருவிய விட்டுருங்க, 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலதான் வரும். கொழந்தைங்க கூட வந்தாலோ, இதான் மொதல் நீள ஓட்டம்னாலோ, உத்தமபாளையத்துல இருந்து கம்பம் போய் அங்க இருந்தே நேரா சுருளிப்பட்டி ரோட்ட எடுத்துருங்க. அருவி, கே.கே.பட்டி, ராயப்பன்பட்டி எல்லாம் அப்படியே வரும், மொத்தம் 45 கிலோமீட்டர் போல, மெயின் ரோடும் கம்பத்தோட முடிஞ்சுரும். பென்னிகுயிக் மண்டபத்த வேற ஒரு நாள் பஸ்ஸுல போய் பாத்துக்கலாம். எதிர்ப்பக்கமா, அதாவது ராயப்பன்பட்டியில ஆரம்பிச்சு லோயர்கேம்ப் போய் மெயின் ரோட்டுல திரும்பலாமான்னு கேப்பீங்க. வேண்டாம், அப்படிப் போனா சரியா சாயங்காலம் ஜீப்புங்க எறங்குற நேரத்துல நீங்களும் அதே ரோட்டுல இருப்பீங்க, காலையில போனவங்க வீட்டுக்குப் போற அவசரத்துல இருப்பாங்க, இருட்டவும் ஆரம்பிச்சுரும்.

மறுநாளும் இருக்குறதா இருந்தா மேற்குப் பக்கம் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம்னு மலை ஓரமா ஒரு ரோடு போகுது. பண்ணைப்புரம் இளையராஜா பொறந்த ஊரு. அந்தப் பக்கம் பாசனம் கம்மி, நெலம் வேற நெறம், கிணறும் மானாவாரியும்தான். ஆனா அதுக்கு முன்னாடி ராத்திரி நல்லா சாப்பிட்டு, காலுக்கு வெந்நீ ஊத்திட்டுப் படுங்க. செயின ஒரு துணியால தொடச்சு, டயர்ல முள்ளு இருக்கான்னு கைய வச்சுத் தடவிப் பாத்துட்டு, காலையில பாத்துக்கலாம்னு விட்டுராம அப்பவே காத்தையும் அடிச்சு வச்சுருங்க, காலையில ஆறு மணிக்கு எந்தக் கடையும் தொறந்திருக்காது.